வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறீர்களா? காப்பீட்டையும் பொறுப்பையும் சரிபார்க்கும் முறை

வீட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஏதாவது காணாமல் போனால் என்ன செய்வது?" என்பதுதான். வேலைக்கு வருபவர் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் யார் பொறுப்பு என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தொலைந்த பொருளின் நஷ்டம் அதன் விலையோடு நின்றுவிடும். காயத்தில் அறுவை சிகிச்சை, வேலைக்குப் போக முடியாத மாதங்கள், சில சமயம் நிரந்தர ஊனம் என்று கணக்கு நீளும். அதனால் உடல் காயத்திலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: முதலாளி யார் என்று தெளிவாக்குங்கள்

நேரத்தையும் வேலை செய்யும் விதத்தையும் நீங்கள் சொல்லி, துடைப்பம், சோப்பு எல்லாம் நீங்களே கொடுத்து, சம்பளத்தையும் நேரடியாகத் தந்தால் பெரும்பாலும் நீங்கள்தான் முதலாளி. சொந்தக் கருவிகளோடு வந்து, பல வீடுகளில் வேலை செய்து, தன் கட்டணத்தைத் தானே சொல்பவர் ஒப்பந்தக்காரர் ஆகலாம். தாளில் "ஒப்பந்தக்காரர்" என்று எழுதிக்கொள்வது மட்டும் போதாது. வழக்கு வந்தால் நடைமுறை எப்படி இருந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

ஏஜென்சி விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். மாதாமாதம் சம்பளம் தரும் ஏஜென்சி வேறு, ஆளைக் காட்டிவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொண்டு போகும் ஏஜென்சி வேறு. இரண்டாவது வகையில் பொறுப்பு உங்களிடமே நிற்கும்.

வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் நிறைவேறி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பான பணியிடம் அவர்களின் உரிமை என்கிறது அது. ஆனால் அதை ஏற்ற நாடுகளையே கட்டுப்படுத்தும். சில நாடுகளின் விபத்து இழப்பீட்டுச் சட்டங்கள் வீட்டு வேலையை விட்டுவிடுகின்றன. சில நாடுகளில் முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். நீங்கள் வசிக்கும் இடத்தின் விதியைத் தொழிலாளர் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: வீட்டுக் காப்பீட்டின் விலக்குகளைப் படியுங்கள்

பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள தொகையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். "விலக்குகள்" பகுதிக்குப் போய் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, உங்களிடம் வேலை செய்பவருக்கு ஏற்படும் காயம். விருந்தாளி விழுந்தால் தரும் பொறுப்புக் காப்பீடு, பணியாளர் விழுந்தால் தராமல் போகலாம். இரண்டு, திருட்டு. பூட்டை உடைத்து நுழைந்தால்தான் இழப்பீடு என்று பல பாலிசிகளில் இருக்கும். நீங்களே சாவி கொடுத்தவர் எடுத்தால் அது பொருந்தாது. மூன்று, தற்செயல் உடைசல். துடைக்கும்போது கீழே விழுந்த டிவிக்கு, பாலிசியோடு கூடுதல் காப்பீடு தனியாக வாங்கியிருந்தால்தான் பணம் கிடைக்கலாம்.

உங்கள் வண்டியை அவர் ஓட்டுவார் என்றால் வாகன பாலிசியில் அவருக்கு அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள்.

படி 3: இல்லாததை வாங்குங்கள்

விபத்துக் காப்பீடும் முதலாளி பொறுப்புக் காப்பீடும் ஒன்றல்ல. முன்னது, தவறு யாருடையது என்று பார்க்காமல், குறிப்பிட்ட காயத்துக்குக் குறிப்பிட்ட தொகை தரும். பின்னது, சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டியதை, வழக்குச் செலவோடு சேர்த்து, பாலிசி வரம்பு வரை ஏற்கும். முடிந்தால் இரண்டும் வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் பொறுப்புக் காப்பீட்டை எடுங்கள். விபத்துக் காப்பீட்டுப் பணம் கிடைத்த பிறகும் உங்கள்மேல் கோரிக்கை எழலாம்.

விண்ணப்பத்தில் வேலையை உள்ளபடி எழுதுங்கள். "சமையல்" என்று எழுதிவிட்டு ஜன்னலின் வெளிப்பக்கம் துடைக்கச் சொன்னால், கிளெய்ம் நிராகரிக்கப்பட அதுவே காரணமாகிவிடும்.

படி 4: ஏஜென்சியின் சான்றிதழைச் சரிபாருங்கள்

"எங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. சான்றிதழில் ஏஜென்சியின் பெயர், முடியும் தேதி, உச்சவரம்பு, எந்த வேலைகளுக்குப் பொருந்தும் என்பவற்றைப் பாருங்கள். பிறகு காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். சான்றிதழில் அச்சிட்ட எண் வேண்டாம், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். ஊழியர் திருட்டுக்கான பாலிசி என்றால், பணம் தர போலீஸ் புகார் போதுமா, நீதிமன்றத் தீர்ப்பு வேண்டுமா என்றும் கேளுங்கள்.

படி 5: வேலை தொடங்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

வேலைகள், நேரம், சம்பளம், விடுப்பு, உடைந்த பொருளுக்கு யார் பொறுப்பு எல்லாம் ஒரே பக்கத்தில், அவருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். செய்யக்கூடாதவற்றையும் சேருங்கள்: ஏணியில் தனியே ஏறுவது, மின்சாதனத்தைப் பிரிப்பது, பிளீச்சையும் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றுவது. இந்தக் கலவையிலிருந்து நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வரும். கையுறையும் வழுக்காத காலணியும் நீங்கள் வாங்கித் தாருங்கள்.

"காயம்பட்டால் உரிமை கோரமாட்டேன்" என்று கையெழுத்து வாங்காதீர்கள். பல இடங்களில் அது செல்லாது. செல்லும் இடத்திலும் நியாயமில்லை. சம்பளம் கொடுத்ததற்கு மாதாமாதம் ரசீது வையுங்கள். இழப்பீடு பெரும்பாலும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும், பதிவு இல்லாவிட்டால் அவருக்குத்தான் நஷ்டம்.

படி 6: விபத்து நடந்தால்

முதலில் சிகிச்சை. பிறகு இடத்தைச் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள். நேரம், செய்துகொண்டிருந்த வேலை, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். தாமதமாகச் சொன்னதாலேயே கிளெய்ம் நிராகரிக்கப்படலாம் என்பதால் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களிடம் கேட்காமல் "முழுச் செலவும் என் பொறுப்பு" என்று எழுதிக் கொடுப்பது பாலிசி நிபந்தனையை மீறியதாகலாம். மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கும் அவசரச் செலவைக் கட்டுவதற்கும் அதற்காகத் தயங்க வேண்டாம். ரசீதுகளின் மூலப் பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு நகலை அவருக்குத் தாருங்கள். அவர் தனியாகக் கோரிக்கை வைக்கவும் அது தேவைப்படும்.