வேலை முடியாத பேக்கேஜ்களைத் தானியங்கிப் புதுப்பிப்பிலிருந்து காக்கும் முறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டிலிருந்தபடி லினக்ஸ் பேக்கேஜ்களை, அதாவது நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புகளை, தயாரிப்பவர், மூலநிரலை இரவில் தானாகப் புதுப்பிக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தால், முதலில் அதைத் திறந்து, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து காக்கும் கிட் மென்பொருளின் ‘கிட் ரீசெட்’ கட்டளை ‘ஹார்ட்’ என்ற தெரிவோடு வருகிறதா, ‘கிட் கிளீன்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னது கமிட் செய்யாத, அதாவது கிட்டில் பதிவுசெய்யாத, திருத்தங்களைத் துடைத்துவிடும்; பின்னது, கிட்டில் இன்னும் சேர்க்காத புதிய கோப்புகளையே நீக்கிவிடும். கமிட் செய்த வேலையை, கிட்டின் செயல்குறிப்பான ரீஃப்ளாக்கிலிருந்து மீட்டுவிடலாம். ஆனால் கிளீன் அழித்த கோப்பு கிட்டுக்குள் ஒருபோதும் இருந்ததில்லை என்பதால், அதைத் திருப்பித் தர கிட்டால் இயலாது.

ஆகவே ஸ்கிரிப்ட் தொடும் கோப்பகத்தில் கைவேலை எதையும் வைக்கக் கூடாது. 2015இல் கிட் 2.5 பதிப்போடு வந்த ‘வொர்க்ட்ரீ’ இதற்கென்றே அமைந்ததுபோல் உதவுகிறது: ஒரே களஞ்சியத்திலிருந்து வேறொரு கோப்பகத்தில் தனிக் கிளையைத் திறந்து, அரைகுறையானாலும் அங்கே அவ்வப்போது கமிட் செய்துவரலாம். திருத்தங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் ஸ்டாஷை நான் பரிந்துரைப்பதில்லை. தனியே கேட்டாலொழிய அது புதிய கோப்புகளை எடுத்துவைப்பதில்லை. ஸ்கிரிப்ட்டுக்கு, நம் கோப்புகளைத் தொடாமல் புதிய மாற்றங்களை இறக்கிவைக்கும் ‘ஃபெட்ச்’ மட்டும் போதும். இணைப்பதை நாமே பார்த்துச் செய்யலாம்.

நேரத்தையும் நம்பியிருக்க முடியாது. முப்பந்தல் காற்றாலைகள் கூப்பிடு தூரத்தில் சுழன்றாலும், ஆடிக்காற்றில் குமரி மாவட்டத்தில் மின்தடைக்குக் குறைவில்லை. லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சிஸ்டம்‌டி டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்’ இயக்கப்பட்டிருந்தால், இரவு இரண்டு மணிக்குத் தவறிய புதுப்பிப்பு, காலையில் கரண்ட் வந்து கணினியை இயக்கியதுமே, நீங்கள் கோப்பைத் திறந்து திருத்திக்கொண்டிருக்கும் வேளையிலேயே ஓடத் தொடங்கும். அந்த வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிடுவது நல்லது.

ஜென்டூ என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துவோர், பேக்கேஜைக் கட்டும் செய்முறைக் கோப்புகளான தம் ஈபில்டுகளை ஜென்டூவின் முதன்மைக் களஞ்சியக் கோப்பகத்தில் வைத்தால், ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி வழியாக நடக்கும் அடுத்த ஒத்திசைவில் அவை போய்விடும். உள்ளூர்க் களஞ்சியம் ஒன்றைத் தனியே அமைத்து, அதன் தானியங்கி ஒத்திசைவை நிறுத்திவைக்க வேண்டும்.

டெபியன் லினக்ஸில் நாமே கட்டி நிறுவிய பேக்கேஜை, ‘ஏபிடி-மார்க் ஹோல்ட்’ கட்டளை புதுப்பிக்கப்படாமல் நிறுத்திவைக்கும். ஆனால் அது நிறுவப்பட்ட பதிப்பைத்தான் காக்குமே தவிர, மூலநிரல் கோப்பகத்தை அன்று. ஹோல்டில் கிடக்கும்வரை பாதுகாப்புத் திருத்தங்களும் அந்தப் பேக்கேஜுக்கு வந்துசேராது என்பதால், ‘ஷோஹோல்ட்’ பட்டியலை அவ்வப்போது பார்த்து, வேலை முடிந்தவற்றை விடுவித்துவிட வேண்டும்.