வாடகை வீட்டை முதலில் கால் பார்க்கட்டும்

இதுவரை மூன்று வாடகை வீடு மாறியிருக்கிறேன். முதல் வீட்டைக் கைபேசி வரைபடத்தை நம்பி எடுத்தேன். ரயில் நிலையம் 350 மீட்டர் என்று காட்டியது. நேர்க்கோடு போட்டால் அது சரிதான். ஆனால் நிலையத்தின் வாசல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடைமேம்பாலம் ஏறி இறங்கிச் சுற்றிப் போக 14 நிமிடம் ஆனது. ஒப்பந்தம் முடியும்வரை தினமும் அந்த 14 நிமிடம்தான்.

வண்டி வைத்துக்கொள்ளாமல், நடந்தே எல்லாக் காரியத்தையும் முடிக்க நினைத்து வீடு தேடுகிறீர்களா? அப்படியென்றால் வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால், வெளியே நடந்து பாருங்கள்.

போன இரண்டு வாரத்தில் எங்கெல்லாம் போனீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வேலை, மளிகை, மருந்துக்கடை, பிள்ளையின் பள்ளி, எதுவானாலும் சரி, எத்தனை தடவை என்பதையும் எழுதுங்கள். மாதம் ஒரு முறை போகும் இடம் தள்ளியிருந்தால் பரவாயில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் போகும் இடம்தான் பக்கத்தில் இருக்க வேண்டும். பூங்கா அருகில் என்று புரோக்கர் சொன்னதில் மயங்கி நான் எடுத்த இரண்டாவது வீட்டில், அந்தப் பூங்காவுக்கு மொத்தமே நாலு முறைதான் போனேன்.

அப்புறம் அந்த இடங்களுக்கு நடந்து போய் நேரத்தைக் குறியுங்கள். குடியிருப்பின் வாசலிலிருந்து அல்ல, உங்கள் வீட்டுக் கதவிலிருந்து. ஏழாம் மாடியில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரமும் நடையில் சேர்ந்ததுதான். லிஃப்ட் இல்லாவிட்டால் நாலாம் மாடிக்கு ஏறக்குறைய 70 படி வரும். நான் ஒரு பையில் ஆறு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்து பார்ப்பேன். ஒரு வாரத்துச் சாமான் ஏறக்குறைய அந்த எடைதான் வரும்.

விளம்பரத்தில் போடும் நிமிடக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு விதியே இருக்கிறது: 80 மீட்டர் பாதைக்கு ஒரு நிமிடம். அதிலும்கூட சிக்னலில் நிற்கும் நேரமும் மேட்டில் ஏறும் சிரமமும் சேராது.

சிக்னல் விஷயத்தை என் அம்மாவோடு நடந்தபோதுதான் புரிந்துகொண்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு நேரத்தைப் பல நாடுகளில் நொடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் நடப்பவரை மனதில் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்த வேகத்தில் 15 மீட்டர் சாலையைப் பன்னிரண்டு, பதின்மூன்று நொடியில் கடந்துவிடலாம். அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 19 நொடி வேண்டும். பாதி வழியில் விளக்கு மாறும்போது என் கையை அவர் இறுகப் பிடித்ததை மறக்க முடியாது. வீட்டில் வயதானவரோ சின்னக் குழந்தையோ இருந்தால், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நடைபாதை பாதியில் முடிந்து சாலையில் இறங்க வேண்டியிருக்கிறதா என்பதையும்.

இரவு பத்து மணிக்கு ஒரு தடவை அதே வழியில் போங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. தெருவைப் பார்த்த சன்னல்களும் திறந்திருக்கும் கடைகளும் இருந்தால் தனியாக வரத் தைரியமாக இருக்கும். நீளமான மதில் மட்டுமே ஓடும் தெருவில் அந்தத் தைரியம் வராது.

நடக்க வசதியான இடத்தில் சத்தமும் கூடவே வரும். கீழே கடை இருந்தால் விடிகாலையில் சாமான் இறங்கும், குப்பை வண்டி வரும். படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. கைபேசிச் செயலி காட்டும் அளவு துல்லியமாக இருக்காது. படுக்கையறையில் சன்னலை மூடி, பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். படுக்கையறை பின்பக்கம் உள்ள வீடு கிடைத்தால், கூடம் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

வண்டி இல்லையென்றால், நிறுத்துமிடத்துக்கான பணம் வாடகைக்குள் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு அதைக் குறைக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் பழுதானால் யார் பொறுப்பு, முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். குடிபோகும் நாளில் ஒவ்வொரு அறையையும் மின் மீட்டர் அளவையும் படம் எடுத்து, அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்போது இருக்கும் வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் அம்மாவை மருந்துக்கடை வரை நடக்கச் சொன்னேன். வழியில் ஒரு தடவை உட்கார்ந்து, ஒன்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். "திரும்பியும் நடந்தே போகலாம்" என்றார். அன்று மாலையே ஒப்பந்தம் போட்டோம்.