சிங்க்குக்கு அடியில் இருக்கும் டிஸ்போசர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுச் சிங்க்குக்கு அடியில் டிஸ்போசர் மாட்டுவதுண்டு. மிச்சம் மீதியை அரைத்துத் தண்ணீரோடு அனுப்பும் மிஷின் அது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாக இருந்தால் முதலில் லேபிளைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே நம் பிளக்கில் சொருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

மிக்ஸி மாதிரி உள்ளே பிளேடு இருக்கிறது என்று நினைத்துத்தான் பலரும் கண்டதையும் போடுகிறார்கள். உள்ளே இருப்பது சுழலும் தட்டு. அது கழிவை வீசியடித்து, சுற்றியுள்ள வளையத்தில் தேய்க்கும். அதனால் நார் அறுபடாது, சுற்றிக்கொள்ளும். வாழைப்பூ மடல், முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, எச்சில் இலை எதுவும் உள்ளே போகக் கூடாது. குழம்பில் கிடந்த பட்டை, ஆட்டெலும்பு, நண்டு ஓடு எல்லாம் குப்பைக்கூடைக்கே. சோற்றைக் குவியலாகத் தள்ளினால் குழாய் வளைவில் பசையாய் அடைக்கும்.

கறிக்கொழுப்பைச் சுடுதண்ணீர் விட்டுக் கரைத்து அனுப்பலாம் என்பதும் தவறு. இங்கே கரைவது உள்ளே போய் உறையும். பணியாரம் சுட்ட எண்ணெயையும் ஊற்ற வேண்டாம். எப்போதும் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு மிஷினைப் போடுங்கள். அரவைச் சத்தம் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடட்டும்.

உர்ரென்று சத்தம் வருகிறது, ஆனால் சுற்றவில்லையா? ஏதோ சிக்கியிருக்கிறது. இந்த நேரத்தில் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் மோட்டாரைக் கொல்லும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். கையை உள்ளே விடவே கூடாது. டார்ச் அடித்துப் பார்த்து இடுக்கியால் எடுங்கள். பெரும்பாலான மாடல்களில் மிஷினின் அடி நடுவில் ஒரு துளை இருக்கும். கூடவே தந்த ஆலன் கீயை (எல் வடிவ அறுகோணச் சாவி) அதில் விட்டு, தடையில்லாமல் சுற்றும்வரை இரண்டு பக்கமும் திருப்புங்கள். துளை இல்லாவிட்டால் மேலிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் தட்டை நகர்த்தலாம். அப்புறம் 10 நிமிடம் ஆறவிட்டு, அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தி, பிளக்கை மாட்டுங்கள். சத்தமே வராத மிஷினுக்கும் பிளக், எம்.சி.பி. (மின்பலகையில் தானாக விழும் சுவிட்ச்) இரண்டையும் பார்த்துவிட்டு இதே பொத்தான்தான். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

நாற்றத்துக்கு ஆசிட்டோ, அடைப்பு நீக்கும் பவுடரோ ஊற்றாதீர்கள். ரப்பர் கெடும், கண்ணிலும் தெறிக்கலாம். சிங்க் வாயில் இருக்கும் ரப்பர் மடிப்பின் அடிப்பக்கம்தான் பெரும்பாலும் நாறும், அதை யாரும் தேய்ப்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்தால் பாதிக்கு மேல் தீரும். பிறகு ஐஸ்கட்டியும் கல் உப்பும் போட்டு ஓடவிடுங்கள். எலுமிச்சைத் தோல் மணம்தான் தரும், அழுக்கை எடுக்காது.

மிஷினின் அடியிலிருந்தே தண்ணீர் சொட்டினால் உள் சீல் போய்விட்டது என்று பொருள். அதை ஒட்டிப் பார்க்க வேண்டாம், மிஷினை மாற்றிவிடுங்கள்.