கொடிக்கயிறு கம்பத்தில் நழுவாமல் இருக்க

துணி உலர்த்தும் கொடியைக் கம்பத்தில் கட்டும்போது, பலரும் ஒரே சுற்றுச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுவிடுகிறார்கள். ஈரத் துணியின் பாரம் ஏறியதும் அது இறுகிப்போய், பிறகு அவிழ்ப்பதற்குக் கத்தியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. மாறாக, கயிற்றை இழுத்துப் பிடித்துக் கம்பத்தில் இரண்டு முறை நெருக்கமாகச் சுற்றிவிட்டால், இழுவிசையின் பெரும்பகுதியை அந்த உராய்வே தாங்கிக்கொள்ளும் என்பதால், ஒரு கையால் சுற்றைப் பிடித்தபடி மறுகையால் நிதானமாக முடியலாம்.

அடுத்து, நுனியை விறைப்பாக நிற்கும் கொடியின் மேலாகக் கொண்டுசென்று, அடியில் வளைத்து, உண்டாகும் கண்ணிக்குள் நுழைத்து, கம்பத்தை ஒட்டித் தள்ளி இறுக்க வேண்டும். அதை ஒட்டியே, அதே திசையில், இன்னொரு முறையும் இவ்வாறே செய்ய வேண்டும். இரண்டாவதை எதிர்த்திசையில் வளைத்துவிடுவதுதான் பெரும்பாலும் நேரும் பிழை. அப்படிக் கட்டியது எளிதில் நெகிழும். சரியாக அமைந்திருந்தால், இரு வளையங்களுக்கும் நடுவே கயிறு குறுக்காகச் சாய்ந்து ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

தேங்காய்நார்க் கயிற்றுக்கு இது போதும். நைலான் வழுக்கும், அதிலும் பால்கனியின் எவர்சில்வர் குழாயில் கட்டுவதானால், மூன்றாவது சுற்றும் மூன்றாவது முடிச்சும் போட்டு, நுனியை நான்கு விரற்கடைக்குக் குறையாமல் விட்டுவைப்பது நல்லது.