கோல் யார் கணக்கில்? பின்களத்தையும் மேனேஜரையும் எடைபோடும் முறை

கால்பந்தில் கோல் விழுந்ததும் கேமரா யார் முகத்துக்குப் போகிறதோ, பழியும் அவர் தலையில்தான் விழும். பெரும்பாலும் அது இடுப்பில் கைவைத்து நிற்கும் சென்டர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். ரீப்ளேயும் கடைசி பாஸிலிருந்துதான் ஓடும். அதனால் வாக்குவாதமும் அந்த மூன்று விநாடிக்குள்ளேயே சுற்றுகிறது: "அவனை பெஞ்ச்ல உட்கார வை", "மேனேஜரைத் தூக்கு". கோளாறு பெரும்பாலும் அதற்கு 10, 15 விநாடி முன்பே நடந்து முடிந்திருக்கும்.

பந்து பறிபோன இடத்திலிருந்து பாருங்கள்

பதிவு கையில் இருந்தால் கோலிலிருந்து பின்னோக்கிப் போய், நம் அணி கடைசியாகப் பந்தை இழந்த நொடியில் நிறுத்துங்கள். த்ரோ-இன், கார்னர், ஃப்ரீ கிக்கில் தொடங்கிய கோல் என்றால் அது எடுக்கப்பட்ட நொடி. அங்கிருந்து இரண்டு தடவை ஓடவிடுங்கள். முதல் தடவை வழக்கம்போல் பந்தைப் பார்க்கலாம். இரண்டாம் தடவை பந்து பக்கம் கண் போகவே கூடாது. பின்வரிசையையும் அவர்களுக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டரையும் மட்டும் பாருங்கள்.

நிறுத்திய படத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பந்துக்கும் நம் கோலுக்கும் நடுவில் நம் ஆட்கள் எத்தனை பேர்? பந்தை வைத்திருப்பவரிடம் இரண்டு மீட்டருக்குள் யாராவது போனார்களா? பின்வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே பாதி சண்டை தீர்ந்துவிடும்.

தாக்கும்போதே, பந்து போனால் தடுப்பதற்கு ஆள் வைத்திருப்பது மேனேஜரின் பொறுப்பு. இன்று பல அணிகள் இதற்கு ஐந்து பேரை ஒதுக்குகின்றன: பின்னால் மூன்று பேர், அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர், சில அணிகளில் இதுவே தலைகீழாக இருக்கும். பின்வரிசையின் இரண்டு ஓரத்திலும் ஆடும் ஃபுல்பேக்குகள் மேலே ஏறி, பின்வரிசைக்கு முன்னால் காவல் நிற்க வேண்டிய ஹோல்டிங் மிட்ஃபீல்டரும் எதிரணியின் பெனால்டி பாக்ஸுக்குள் புகுந்து, பின்னால் சென்டர் பேக் இருவர் மட்டும் மிஞ்சியிருந்தால் அங்கே கவுண்டர் அட்டாக்குக்கு, அதாவது பந்தைப் பறித்ததும் வேகமாகத் திருப்பித் தாக்குவதற்கு, கதவு திறந்துதான் கிடக்கிறது. ஆனால் திறந்து வைத்தது திட்டமா, ஆட்டக்காரரா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே ஆட்டத்தில் நம் அணி அதே மாதிரி தாக்கிய வேறு மூன்று இடங்களை எடுங்கள். மூன்றிலும் ஹோல்டிங் மிட்ஃபீல்டர் மேலேயே இருந்தால் அது சொல்லிக்கொடுத்த ஆட்டம், கணக்கு மேனேஜர் பெயரில் எழுதப்பட வேண்டும். மூன்றிலும் இடத்தில் நின்றவர் கோல் விழுந்த தடவை மட்டும் அலைந்திருந்தால் தவறு அவருடையது. ஒரே ஒரு காட்சியை வைத்துத் திட்டத்தைத் திட்டுபவர்களிடம் இந்த மூன்று காட்சியைக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

2014 உலகக் கோப்பை அரையிறுதியை இந்த முறையில் பார்த்தால் வேறு ஆட்டமாகத் தெரியும். ஜெர்மனி 7, பிரேசில் 1. பிரேசில் கேப்டன் தியாகோ சில்வா தடையில் இருந்தார். அன்று கேப்டனான சென்டர் பேக் டேவிட் லூயிஸ்தான் இன்றுவரை திட்டு வாங்குகிறார். அவர் இடம்விட்டு இடம் ஓடியது உண்மைதான். ஆனால் 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்துக்குள் விழுந்த நான்கு கோல்களில் பின்வரிசைக்கு முன்னால் இருக்கும் பகுதியைப் பாருங்கள். நான்காவது கோலில் சொந்த பாக்ஸுக்கு அருகிலேயே பிரேசில் மிட்ஃபீல்டர் ஃபெர்னாண்டின்யோவிடமிருந்து ஜெர்மனியின் டோனி குரூஸ் பந்தைப் பறித்தார். இரண்டாவது கோலுக்குப் பிறகாவது நடுக்களத்தை இறுக்கி, ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். பிரேசில் மேனேஜர் ஸ்கொலாரி ஃபெர்னாண்டின்யோவையும் ஹல்க்கையும் வெளியே எடுத்தது இடைவேளையில், அதாவது 0-5 ஆன பிறகு. அது சென்டர் பேக் கணக்கில் வராது.

லைன் எவ்வளவு உயரத்தில்?

"லைனை ஏன் இவ்ளோ மேல வைக்கிறாரு?" என்பது அதிகம் கேட்கும் புகார். லைன் என்றால் பின்வரிசை; அது நம் கோலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் உயரம். உயரம் மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. பந்தின் மேல் அழுத்தம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்து வைத்திருப்பவர் தலை நிமிர்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்தால் பின்வரிசை இறங்க வேண்டும். அவர் நம் கோலுக்கு முதுகு காட்டினால், அல்லது பின்னால் பாஸ் கொடுத்தால், வரிசை முழுவதும் சேர்ந்து ஏற வேண்டும். முன்களம் பிரெஸ் செய்யாமல், அதாவது பந்து வைத்திருப்பவரை நெருங்கி நெருக்காமல் நிற்க, பின்வரிசை மட்டும் மேலேயே இருந்தால் ஒரே நீண்ட பந்தில் கதை முடிந்துவிடும். அந்தக் கோலில் வேகமில்லாத சென்டர் பேக்கைக் குறை சொல்வதற்கு முன், ஸ்ட்ரைக்கர் எங்கே நின்றார் என்று பாருங்கள்.

உயரத்தைக் கண்ணால் அளக்க மைதானத்தின் கோடுகளே போதும். வழக்கமான மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெனால்டி பாக்ஸின் ஆழம் 16.5 மீட்டர், நடு வட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். பாக்ஸ் கோட்டிலிருந்து நடுக்கோடு வரை 36 மீட்டர். அந்த இடைவெளியின் மத்தியில் பின்வரிசை நின்றால் கோலிலிருந்து சுமார் 34.5 மீட்டர் தூரத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அணியின் மொத்த நீளத்தையும் இதே போல அளக்கலாம். இத்தாலிய மேனேஜர் அர்ரிகோ சாக்கி தன் மிலான் அணியில் கடைசி டிஃபெண்டருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று வற்புறுத்தினார்; 1989, 1990 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது அந்த அணி. உங்கள் அணி 50 மீட்டருக்கு நீண்டு கிடந்தால், நடுவில் எதிரணி திரும்பி நின்று ஆட இடம் இருக்கத்தான் செய்யும்.

பலர் மறக்கும் ஒன்று: தன் சொந்தப் பாதியில் இருக்கும் ஆட்டக்காரருக்கு ஆஃப்சைடு (பாஸ் கொடுக்கும் நொடியில் எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு) கிடையாது. பின்வரிசை நடுக்கோட்டை ஒட்டி நிற்கும்போது ஓரமாக ஓடித் தாக்கும் எதிரணி விங்கர் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஓட்டத்தைத் தொடங்கலாம். அவ்வளவு உயரத்தில் ஆட வேண்டுமானால் கோல்கீப்பர் பாக்ஸுக்கு வெளியே வந்து நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் இந்தத் திட்டத்தைப் போடும் மேனேஜரைத் தாராளமாகத் திட்டலாம்.

முடிவை வைத்துத் திட்டத்துக்கு மார்க் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2022 உலகக் கோப்பையில் ஹெர்வே ரெனாரின் சவுதி அரேபியா உயரமான வரிசையுடன் அர்ஜென்டினாவை 2-1 என வீழ்த்தியது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா 7 முறை ஆஃப்சைடில் சிக்கியது, மூன்று கோல்கள் செல்லாமல் போயின. அதில் ஒன்றிரண்டு ஓட்டம் அரை அடி தாமதமாகத் தொடங்கியிருந்தால் அதே திட்டத்தை முட்டாள்தனம் என்றுதான் எழுதியிருப்பார்கள். திட்டம் எந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டது, அதற்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

பக்கவாட்டுக் கோல்கள்

தூரக் கம்பத்தில் தலையால் முட்டி அடித்த கோல் என்றால் அந்தப் பக்க ஃபுல்பேக் மாட்டிக்கொள்வார். முதலில் கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து பாக்ஸுக்குள் அனுப்பிய பந்து, வந்த பக்கத்தைப் பாருங்கள். அங்கே நம் ஃபுல்பேக் ஒருவர், எதிரில் இருவர் என்றால் நம் விங்கர் எங்கே? கீழே இறங்காமல் மேலேயே நின்றிருந்தால் சோம்பேறி என்று உடனே முத்திரை குத்த வேண்டாம். சில மேனேஜர்கள் கவுண்டர் அட்டாக்குக்காகவே அவரை மேலே விட்டுவைப்பார்கள். அப்படியானால் அந்த ஓட்டையை அடைக்க நடுக்களத்திலிருந்து ஒருவர் பக்கவாட்டில் நகர்வார். நகர்ந்தவர் இருக்கிறார் என்றால் அது திட்டம். யாருமே நகரவில்லை, ஃபுல்பேக் கையை விரித்துக் கத்துகிறார் என்றால் விங்கர்தான் குற்றவாளி.

ஐந்து பேர் பின்வரிசையில் பார்க்க வேண்டிய இடம் வேறு. அந்த வரிசையின் ஓரத்தில் ஆடும் விங்பேக் வெளியே இழுக்கப்பட்டால் ஓரத்து சென்டர் பேக் அவருக்குத் துணையாகப் போவார். அவர் விட்ட இடத்துக்குள்தான் எதிரணி மிட்ஃபீல்டர் ஓடுவார். அந்த ஓட்டத்தைத் தொடர வேண்டியவர் ஹோல்டிங் மிட்ஃபீல்டர்.

கார்னர்

உதைப்பவர் கையைத் தூக்கும் நொடியில் நிறுத்துங்கள். கோலுக்கு 5.5 மீட்டர் தள்ளியிருக்கும் சின்னப் பெட்டியின் கோட்டில் வரிசையாக நின்று பந்தைப் பார்ப்பவர்கள் இடத்தைக் காக்கிறார்கள். எதிரணி ஆளை ஒட்டி நிற்பவர்கள் ஆளைக் காக்கிறார்கள். பெரும்பாலான அணிகளில் இரண்டும் கலந்தே இருக்கும்.

இடத்தைக் காப்பதன் பலவீனம், நின்ற இடத்திலிருந்து குதிப்பவர் ஓடிவந்து குதிப்பவரைவிடத் தாழ்வாகவே எழும்புவார். அதனால்தான் இரண்டு மூன்று பேரை முன்னால் நிறுத்தி எதிரணியின் ஓட்டத்தை மறிக்கச் சொல்கிறார்கள். கோல் விழுந்தால் அந்த மறிப்பவர்கள் வேலையைச் செய்தார்களா என்று பாருங்கள். ஆளைக் காப்பதில் பிரச்சினை வேறு: எதிரணி ஒருவர் குறுக்கே வந்து நின்றாலே காவலர் பின்தங்கிவிடுவார். அந்த ஜெர்மனி-பிரேசில் ஆட்டத்தின் முதல் கோல், 11ஆவது நிமிடத்தில், இந்த வகைதான். கார்னரில் ஜெர்மனியின் தாமஸ் முல்லர் பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்று காலால் தட்டிவிட்டார்.

"கம்பத்துக்கு ஏன் ஆள் போடலை?" என்ற கேள்விக்கும் இரண்டு பக்கம் உண்டு. கம்பத்தில் ஒருவரை நிறுத்தினால் பந்துக்குக் குதிக்க ஒருவர் குறைகிறார். பந்து வெளியேறித் திரும்பி வரும்போது அவர் கோட்டிலேயே நின்றால் எதிரணி எல்லோரையும் ஆன்சைடாக்கிவிடுவார். ஒரு கோலை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஐந்தாறு ஆட்டங்களின் கார்னர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது

வாங்கிய கோல் எண்ணிக்கை முழு சீசனுக்குப் பேசும்; 2004-05இல் மொரின்யோவின் செல்சி 38 ஆட்டங்களில் 15 கோல் மட்டுமே வாங்கியது என்றால் அதில் வாதமே இல்லை. மூன்று நான்கு ஆட்டங்களுக்கு அந்த எண் எதையும் சொல்லாது. குறைந்தது பத்து ஆட்டங்களின் எக்ஸ்ஜியை (xG), அதாவது எதிரணிக்குக் கிடைத்த வாய்ப்புகளின் தரத்தை, பாருங்கள். ஒவ்வொரு வாய்ப்பும் கோலாகும் சாத்தியத்தை 0 முதல் 1 வரை மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். ஒரு பெனால்டிக்கு 0.76 முதல் 0.79 வரை மதிப்பு. ஆகவே பெனால்டியைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. எக்ஸ்ஜி குறைவாக, கோல் அதிகமாக இருந்தால் கோல்கீப்பரைக் கவனியுங்கள், அல்லது அதிர்ஷ்டம் சரியில்லை. இரண்டுமே அதிகம் என்றால் அமைப்பே ஆட்டம் கண்டிருக்கிறது.

பிரெஸ்ஸிங்குக்குப் பிபிடிஏ (PPDA) என்று ஓர் அளவு உண்டு. எதிரணியின் கோலிலிருந்து 60 சதவீத மைதானத்துக்குள் நம் ஒவ்வொரு தடுப்பு முயற்சிக்கும் அவர்கள் எத்தனை பாஸ் போட்டார்கள் என்ற கணக்கு அது. எண் குறைந்தால் அழுத்தம் அதிகம். ஆனால் முன்னிலையில் இருக்கும் அணி இறங்கி ஆடுவது வழக்கம். எண் தானாக ஏறும். ஸ்கோர் சமமாக இருந்த நேரத்தை மட்டும் பிரித்துப் பார்க்காமல் "இரண்டாம் பாதியில் பிரெஸ்ஸே இல்லை" என்று சொல்வது வீண்.

கடைசி இருபது நிமிடம்

ஒரு கோல் முன்னிலை, மேனேஜர் ஸ்ட்ரைக்கரை எடுத்துவிட்டு டிஃபெண்டரை இறக்குகிறார். இங்கே அடிதடியே நடக்கும். பார்க்க வேண்டியது, நம் டிஃபெண்டர் பந்தைத் தூக்கி அடித்த பிறகு அது எத்தனை விநாடியில் திரும்பி வருகிறது என்பதைத்தான். மாற்றத்துக்கு முன் ஐந்து தடவை, பின் ஐந்து தடவை எண்ணுங்கள். முன்பு 20 விநாடி தாக்குப்பிடித்தது இப்போது 5 விநாடியில் வந்தால், மேலே பந்தைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் போனதுதான் காரணம். அந்த மாற்றம் தவறு, ஆட்டம் 1-0 என்றே முடிந்தாலும்.

இறங்கி ஆடுவதே கோழைத்தனம் என்பவர்களுக்கு 2022இன் மொராக்கோவைக் காட்டுங்கள். வாலித் ரெக்ராகியின் அணி அரையிறுதிக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் வாங்கியது, அதுவும் சொந்தக் கோல். சோஃபியான் அம்ராபத் பின்வரிசைக்கு முன்னால் நின்று நடுவழியை அடைத்தார். எதிரணிகள் ஓரமாகவே சுற்ற வேண்டியிருந்தது. ஆழமாக நிற்பதும், நடுவை அடைத்து ஆழமாக நிற்பதும் வேறு வேறு. உங்கள் அணி பாக்ஸுக்குள் எட்டுப் பேரை அடுக்கியும், பாக்ஸ் விளிம்பில் எதிரணி ஆள் தனியாக நின்று உதைக்கிறார் என்றால் அது முதல் வகை.

வாதத்தை வைக்கும் விதம்

நிமிடம், இடம், ஆள், மாற்று: இந்த நான்கும் ஒரு வாக்கியத்தில் இருக்கட்டும். "டிஃபென்ஸ் படு மோசம்" என்பதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. "62ஆவது நிமிடத்தில் இடது ஃபுல்பேக் மேலே இருந்தார், பந்து போனபோது அவர் இடத்தை மிட்ஃபீல்டர் யாரும் மூடவில்லை, முதல் பாதியிலும் இரண்டு தடவை இதேதான், அவரைப் பின்னால் நிறுத்திவிட்டு வலது பக்கத்தை மட்டும் ஏற்றியிருக்கலாம்" என்றால் எதிர்த்தரப்பு காட்சியைப் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மாற்று சொல்லும்போது அதன் விலையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஃபுல்பேக்கை நிறுத்தினால் அந்தப் பக்க விங்கர் இருவரைத் தனியாக எதிர்கொள்வார். லைனை இறக்கினால் பந்தை மீட்கும் இடம் நம் கோலுக்கு அருகில் வரும், திரும்பத் தாக்க இன்னும் 20 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். விலையைச் சொல்லாத யோசனையை எதிராளி ஒரே வரியில் கவிழ்த்துவிடுவார்.

பயிற்சியில் என்ன சொன்னார்கள், யார் வலியோடு ஆடுகிறார் என்பதெல்லாம் திரையில் தெரியாது. அதை ஊகித்து வாதத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தும் ஒரு கோலின் பழியை இருவரில் யார் மேல் போடுவது என்று முடிவாகவில்லை என்றால், இருவர் பெயரையும் எழுதிவிட்டு அடுத்த கோலுக்குப் போய்விடுங்கள்.