பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் கல்லூரி: சேரும் முன்பும் சேர்ந்த பிறகும்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வரும்போது, கூடவே சில சமயம் இன்னொரு கடிதமும் வரும்: எங்கள் ஹானர்ஸ் கல்லூரியில் சேர உங்களை அழைக்கிறோம் என்று. வீட்டில் உடனே கேள்விகள் கிளம்பிவிடும். இது தனிக் கல்லூரியா, பட்டம் வேறா, கூடுதலாகப் பணம் கட்ட வேண்டுமா, பாடம் கஷ்டமாகி ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) குறைந்தால் மெடிக்கல் கனவு என்ன ஆகும். எல்லாமே நியாயமான கேள்விகள்தான். அந்தக் கடிதத்திலோ கூட வரும் பளபளப்பான கையேட்டிலோ இவற்றுக்கு நேரான பதில் இருக்காது, நாமாகத்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.

முதலில் அடிப்படை. ஹானர்ஸ் கல்லூரி என்பது நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு தனி ஏற்பாடு. பெரும்பாலான இடங்களில் பட்டம் உங்கள் துறையிலிருந்துதான் வரும், கணினி அறிவியல் என்றால் கணினி அறிவியல்தான். அதற்கு மேல் சில சிறிய வகுப்புகள், தனி அட்வைசர், மற்றவர்களுக்கு முன்பே பாடங்களைப் பதிவு செய்துகொள்ளும் உரிமை, கடைசியில் ஒரு தீசிஸ் (ஆய்வேடு), அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்த ஏற்பாடு வேர்விட்டது ஸ்வார்த்மோர் என்ற சிறிய தனியார் கல்லூரியில். அதன் தலைவராக இருந்த ஃபிராங்க் எய்டலாட் தான் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது பார்த்த முறையைத் தழுவி 1922இல் அங்கே தொடங்கினார். பின்னாளில் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு, நன்றாகப் படிக்கிற உள்ளூர்ப் பிள்ளைகள் தனியார் கல்லூரிகளுக்குப் போய்விடாமல் நிறுத்திவைப்பது. ஆக, அவர்களுக்கும் நீங்கள் தேவை. கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் படிக்கிற இடத்தில் முதலாண்டு வேதியியல் வகுப்பில் சில நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியாது, விடைத்தாளைத் திருத்துவது ஒரு முதுநிலை மாணவராக இருக்கும். அதே இடத்தில் இருபது பேர் மட்டும் இருக்கிற ஒரு வகுப்பும், உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இரண்டு மூன்று பேராசிரியர்களும் கிடைத்தால் அதுதான் ஹானர்ஸ். மெடல், சான்றிதழ், பட்டமளிப்பு விழாவில் கழுத்தில் போடும் கயிறு இவையெல்லாம் அலங்காரம், இவற்றுக்காகச் சேர வேண்டாம்.

எந்த வகை என்று பாருங்கள்

எல்லா ஹானர்ஸ் கல்லூரியும் ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் முதலாண்டு மாணவர்கள் எல்லோரையும் ஒரு பொதுப் பாடத்தில் சேர்த்துவிடுவார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயர் 'தி ஹியூமன் சிச்சுவேஷன்', அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேரட் கல்லூரியில் 'தி ஹியூமன் ஈவென்ட்'. இரண்டிலும் பழைய நூல்களிலிருந்து தொடங்கி நிறையப் படிக்க, விவாதிக்க, எழுத வேண்டியிருக்கும். பொறியியல் படிக்கப்போகிறவன் எதற்கு இதையெல்லாம் படிக்கணும் என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு, எனக்கு என்னவோ அந்தப் பையனுக்குத்தான் இது அதிகம் தேவை என்று தோன்றும்.

வேறு சிலர் நகரத்தையே பாடமாக்கிவிடுகிறார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஹானர்ஸ் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் நான்கு செமினார்களும் நியூயார்க்கைப் பற்றியவைதான்: அதன் கலைகள், அங்கே குடியேறிய மக்கள், அறிவியல், நகரத்தின் எதிர்காலம். போர்ட்லண்ட் ஸ்டேட்டில் முதலாண்டுத் தொடருக்கே 'தி குளோபல் சிட்டி' என்று பெயர். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிப்பதன் முழு லாபமும் இந்த மாதிரி இடங்களில் கிடைக்கும், ஏனென்றால் மருத்துவமனை, நீதிமன்றம், அருங்காட்சியகம், நகராட்சி அலுவலகம் எல்லாம் ஒரு ரயில் தூரத்தில் இருக்கிறது.

மூன்றாவது வகையில் பொதுப் பாடம் பெரிதாக இருக்காது. சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் கல்லூரியில் செமஸ்டருக்கு ஒரு ஹானர்ஸ் செயல்பாடு செய்ய வேண்டும், அது ஒரு பாடமாகவும் இருக்கலாம், ஆராய்ச்சியாகவும் இருக்கலாம், கூடவே வழிகாட்ட ஒரு பேராசிரியர். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கும், துறைப் பாடங்களே மூச்சுமுட்டுகிற நர்சிங், பொறியியல் பிள்ளைகளுக்கும் இந்த வகை வசதி. ஆனால் நாமே இழுத்துப்போட்டுச் செய்யாவிட்டால் வெறும் பெயரளவில் நின்றுபோகும் ஆபத்தும் இதில்தான் அதிகம்.

பணம்

ஹானர்ஸில் இடம் கிடைப்பது வேறு, ஸ்காலர்ஷிப் கிடைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வைப்புத்தொகை கட்டிவிடாதீர்கள். மெக்காலே ஒரு விதிவிலக்கு மாதிரி. நியூயார்க் மாநிலத்தவருக்கான கட்டணத்துக்குத் தகுதி உள்ளவர்களுக்கு அங்கே டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், முழுவதும் ஸ்காலர்ஷிப்பாகவே போய்விடும். அந்தப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுக் கல்லூரிகளில் மாநிலத்தவருக்கு டியூஷனே ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 டாலர்தான் என்பதால் தள்ளுபடித் தொகை பார்க்கச் சின்னதாகத் தெரியலாம், ஆனால் வீட்டிலிருந்தே போய்வருகிற பிள்ளைக்கு அதன் அர்த்தம் கடனில்லாத பட்டம். வெளிமாநிலத்திலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதற்கு நேர்மாறாக, ஹானர்ஸுக்கென்றே தனிக் கட்டணம் வாங்குகிற இடங்களும் இருக்கின்றன, பேரட் அதில் ஒன்று. ஒவ்வொரு செமஸ்டரும் கட்ட வேண்டும், அதனால் எட்டால் பெருக்கிப் பாருங்கள். ஹானர்ஸ் மாணவர்களுக்கான டார்மில் (விடுதியில்) தங்குவது கட்டாயமா என்றும் கேளுங்கள், அந்த டார்ம் மற்றதைவிட விலை கூடுதலாக இருப்பது சகஜம். ஸ்காலர்ஷிப் என்று கொடுத்திருந்தால் அடுத்த ஆண்டும் தொடர எவ்வளவு ஜி.பி.ஏ. வேண்டும், ஒரு செமஸ்டர் சறுக்கினால் உடனே போய்விடுமா, அல்லது திருத்திக்கொள்ள அவகாசம் உண்டா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவி அவர்களுக்குக் கிடையாது. மாநிலத்தவருக்கான கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசா போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அது பெரும்பாலும் கல்லூரியின் மூன்றாம் நான்காம் ஆண்டில் வந்து நிற்கும். அப்போது கட்டணமும் ஸ்காலர்ஷிப்பும் மாறுமா என்று சேர்க்கை அலுவலகத்தில் கேட்டால் போதாது, கட்டண வகையை முடிவு செய்கிற ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலும் கேளுங்கள்.

விண்ணப்பம்

பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 திறக்கும். பல்கலைக்கழகத்துக்கான கடைசித் தேதி தள்ளி இருந்தாலும் ஹானர்ஸுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடுவது வழக்கம், இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். சில இடங்களில் விண்ணப்பித்த எல்லோரையும் தானாகவே பரிசீலிப்பார்கள், சில இடங்களில் தனிக் கட்டுரை, தனிப் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். மெக்காலேயில் எட்டு கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே எது பெயர் பெற்றது என்று பார்க்காமல் உங்கள் துறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: பொறியியலுக்கு சிட்டி காலேஜ், வணிகத்துக்கு பரூக், குற்றவியல் நீதிக்கு ஜான் ஜே.

கட்டுரையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். பரதநாட்டிய அரங்கேற்றம், ஸ்பெல்லிங் பீ, ரோபாட்டிக்ஸ், கோயிலில் தன்னார்வத் தொண்டு என்று சாதனைப் பட்டியலையே வாக்கியமாக்கி அனுப்புகிறார்கள், அந்தப் பட்டியல் ஏற்கெனவே விண்ணப்பத்தில் இருக்கிறது. ஹானர்ஸ் குழு தேடுவது விவாத வகுப்பில் உட்கார்ந்து பேசக்கூடிய ஆளை. உங்கள் மனதைக் குடைகிற ஒரு சின்னக் கேள்வியை எடுத்து, அதற்குப் பதில் தேடி எங்கெல்லாம் போனீர்கள், எங்கே முட்டிக்கொண்டு நின்றீர்கள் என்று எழுதினாலே போதும். உங்கள் பேருந்துத் தடம் ஏன் ஒரு குறிப்பிட்ட தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது என்பதுகூட நல்ல கட்டுரைதான். பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கதை, அதிக மார்க் போட்ட ஆசிரியரைவிட வகுப்பில் உங்களோடு வாதாடிய ஆசிரியர் எழுதுவது மேல்.

முதல் தடவை கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் ஒன்றிரண்டு செமஸ்டர் முடித்த மாணவர்களையும், கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறி வருகிறவர்களையும் கல்லூரி மார்க்கை வைத்து ஹானர்ஸில் சேர்த்துக்கொள்கின்றன.

இடம் கிடைத்த பிறகு, ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

பல்கலைக்கழகத்தின் பாட அட்டவணையை நீங்களே திறந்து, அடுத்த செமஸ்டரில் ஹானர்ஸ் பிரிவாக எந்தெந்தப் பாடங்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். கையேட்டில் நூறு பாடம் இருக்கும், அட்டவணையில் உங்கள் துறைக்கு ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். அப்புறம், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஹானர்ஸோடு பட்டம் முடிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான். கடைசி ஆண்டு மாணவர் ஒருவரோடு பேச வழி செய்து தரச் சொல்லுங்கள், அலுவலகம் தேர்ந்தெடுத்து அனுப்புகிற தூதுவரைவிட தீசிஸ் எழுதித் திண்டாடிக்கொண்டிருக்கிற ஆள் உண்மையைச் சொல்வார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் ஏ.பி. கிரெடிட், அதாவது பள்ளியில் எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகளுக்குக் கல்லூரியில் கிடைக்கும் பாடக் கணக்கு. பள்ளியிலேயே எட்டு பத்து ஏ.பி. தேர்வு எழுதிப் பொதுப் பாடங்களை முடித்துவிட்டு வருவார்கள், சீக்கிரம் பட்டம் வாங்கிவிடலாம் என்று கணக்கு. ஆனால் ஹானர்ஸ் பிரிவுகள் பெரும்பாலும் அந்தப் பொதுப் பாடங்களில்தான் இருக்கும், ஏ.பி. கிரெடிட் ஹானர்ஸ் கிரெடிட்டாக எண்ணப்படாது, ஆக ஏற்கெனவே முடித்த பாடத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது கூடுதலாக எடுத்துத்தான் எண்ணிக்கையை நிரப்ப வேண்டிவரும். மூன்று ஆண்டில் முடிப்பதுதான் திட்டம் என்றால், ஹானர்ஸ் விதிகளையும் ஏ.பி. பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெடிக்கல் கேள்விக்கு வருவோம். மருத்துவக் கல்லூரிகள் முதலில் பார்ப்பது ஜி.பி.ஏ.வும் எம்-கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு மார்க்கும்தான். குறைந்த ஜி.பி.ஏ.வை ஹானர்ஸ் என்ற பெயர் ஈடுகட்டாது. அதே சமயம் சின்ன வகுப்பில் கிடைக்கும் பேராசிரியர் கடிதமும், தீசிஸுக்காகச் செய்த ஆய்வும் விண்ணப்பத்துக்குப் பலம். முதல் செமஸ்டரிலேயே ஹானர்ஸ் வேதியியல், ஹானர்ஸ் கணக்கு என்று எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொள்ள வேண்டாம், ஒன்று எடுங்கள், எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அடுத்தது.

சேர்ந்த பிறகு

முன்கூட்டியே பதிவு செய்யும் உரிமை இருக்கிறதே, அதை முதல் நாள் முதல் மணியிலேயே பயன்படுத்துங்கள். வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளைகள் எல்லா வகுப்பையும் இரண்டு நாளில் அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடத் திட்டமிடுவார்கள், நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இது ரொம்ப சகஜம், ஹானர்ஸின் பயனைக் கரைத்துவிடுவதும் இதுதான். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு வகுப்புகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டு அதை ஹானர்ஸ் லவுஞ்சிலோ ஒரு பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் 'ஆபீஸ் அவர்' நேரத்திலோ செலவழியுங்கள்.

ஹானர்ஸ் கான்ட்ராக்ட் என்று ஒன்று உண்டு, அதாவது சாதாரண வகுப்பிலேயே கூடுதல் வேலை ஒன்றைச் செய்து அதை ஹானர்ஸ் கிரெடிட்டாக மாற்றிக்கொள்வது. செமஸ்டரின் தொடக்கத்திலேயே படிவம் கொடுத்தாக வேண்டும் என்பதால் முதல் வாரத்திலேயே பேராசிரியரைப் பாருங்கள், வெறுங்கையோடு போய் ஏதாவது கொடுங்கள் என்று நிற்காமல் இரண்டு யோசனைகளோடு போங்கள். கூடுதலாகப் பத்துப் பக்கம் எழுதுகிறேன் என்பது சோம்பேறி யோசனை, அவருடைய ஆய்வில் ஒரு சின்னத் துண்டை எடுத்துச் செய்கிறேன் என்பது பின்னால் தீசிஸாக வளரக்கூடியது.

தீசிஸுக்கு இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வழிகாட்டியைப் பிடித்துவிடுவது நல்லது. மின்னஞ்சல் நாலு வரி போதும்: அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது பிடித்தது, எப்போது பார்க்கலாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆய்வுக்காக மனிதர்களைப் பேட்டி எடுக்கவோ கருத்துக்கணிப்பு நடத்தவோ போகிறீர்கள் என்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவான ஐ.ஆர்.பி.யின் அனுமதி தேவைப்படலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அது வருவதற்கு முன் சேகரித்த தகவலைப் பயன்படுத்த முடியாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் மாணவர்களுக்கான பி.ஃபில். இளநிலைப் பட்டத்தில் வெளியிலிருந்து வரும் ஒரு பரீட்சகர் முன்னால் உட்கார்ந்து, அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தீசிஸை நிலைநாட்ட வேண்டும். உங்கள் இடத்தில் அப்படி இல்லாவிட்டாலும், தெரியாத ஒருவரிடம் இருபது நிமிடம் விளக்கிப் பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

கோல்டுவாட்டர், ஃபுல்பிரைட் போன்ற பெரிய உதவித்தொகைகளுக்கு உதவுகிற அலுவலகம் பல இடங்களில் ஹானர்ஸ் கல்லூரியின் கீழோ பக்கத்திலோ இருக்கும். கோல்டுவாட்டருக்குப் பல்கலைக்கழகமேதான் பெயரைப் பரிந்துரைக்க முடியும், குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும், இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நான்காம் ஆண்டில் போய்க் கேட்டால் தாமதம்.

இடையில் விட்டுவிடலாமா என்று கேட்டால், தாராளமாக விடலாம். துறைப் பட்டம் அப்படியே இருக்கும், எடுத்த பாடங்களும் எங்கும் போகாது. விருப்பமே இல்லாத தீசிஸுக்காகக் கடைசி ஆண்டை வீணடிப்பதற்குப் பதிலாக ஒரு இன்டர்ன்ஷிப் போகலாம். விலகும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஸ்காலர்ஷிப், டார்ம், முன்பதிவு உரிமை இவற்றில் எதெல்லாம் ஹானர்ஸோடு கட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அடுத்த செமஸ்டருக்கான பாடங்களைப் பதிவு செய்து முடித்த பிறகு படிவத்தைக் கொடுங்கள்.