கடலோரக் கல்லறைகளின் எழுத்தைப் படித்துப் பதிவு செய்யும் முறை

பாம்பன், தங்கச்சிமடம் தொடங்கி மூக்கையூர் வரை, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பழைய கல்லறைத் தோட்டங்களில் எழுத்துகள் நம் கண்முன்னே அழிந்துகொண்டிருக்கின்றன. கடற்காற்று கொண்டுவந்து படிய வைக்கும் உப்பு இரவுப் பனியில் கரைந்து கல்லுக்குள் இறங்குகிறது. பகல் வெயிலில் அது மீண்டும் படிகமாகிக் கல்லின் துகள்களை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. முதலில் உதிர்வது எழுத்தின் விளிம்புதான். ஆகவே இந்தக் கரையில் கல்லைக் காப்பாற்றுவதைவிட எழுத்தைப் படியெடுப்பது அவசரமான வேலை என்பது என் உறுதியான கருத்து.

இதற்கான முறைகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் கிராமத் தேவாலய வளாகங்களில் பழகித் தேர்ந்தவை. அங்கே திறந்தவெளியில் எழுத்துப் பொறித்த தலைக்கல் நாட்டும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அதற்கு முன் வசதி படைத்தவர்களுக்குத் தேவாலயத்தின் உள்ளே கல் பதித்தார்கள், ஏழைகளுக்கு மரக்குறியே மிஞ்சியது. லெஸ்டர்ஷயர் பகுதியின் பலகைக்கல்லில் (ஸ்லேட்) பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்து இன்றும் கூராக நிற்க, காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிச் சுண்ணாம்புக்கல்லில் அதே காலத்து எழுத்து மழுங்கிப் போயிருக்கிறது. நம் கரையில் பவளப்பாறையும் மணற்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மிகுதி என்பதால், நமக்குக் கிடைத்திருப்பது மழுங்கும் இனம் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ நேரில் சென்று அனுமதி கேளுங்கள். கல்லறைக்கு உரிய குடும்பம் ஊரில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் மறைமாவட்டத்தின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் ஒரு தலைக்கல்லை நகர்த்தக்கூட முடியாது. இங்கேயும் அந்த ஒழுங்கை நாமே நமக்கு விதித்துக்கொள்வது நல்லது. தனியாகப் போகாதீர்கள். சீமைக் கருவேலம் மண்டிய இடத்தில் முள்ளும் விரியனும் இருக்கும். சாய்ந்து நிற்கும் கல்லில் கை ஊன்றுவதும் ஆபத்து.

எழுத்தைத் தொடுவதற்கு முன் தோட்டத்தின் வரைபடத்தைப் போட்டுவிடுங்கள். வாசலிலிருந்து வரிசையாக எண் கொடுத்து, ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு தனித்தாள் ஒதுக்கி, கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். கிழக்கு நோக்கிக் கால் நீட்டி அடக்கம் செய்வது பழைய கிறிஸ்தவ மரபு. அந்த ஒழுங்கு தெரிந்தால், மணல் மூடிய மேட்டில் தலைக்கல்லை எந்தப் பக்கம் தேடுவது என்பதும் தெரியும்.

இனி வெளிச்சம். மங்கிய எழுத்தைப் படிக்க உதவுவது தேய்ப்பதல்ல, கல்லின் முகத்தை ஒட்டி உரசிக்கொண்டு போகும் ஒளி. நேர் எதிரிலிருந்து விழும் வெயிலில் வெறும் பரப்பாகத் தெரியும் கல், வெயில் பக்கவாட்டில் சரிந்தவுடன் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்தாகும். கிழக்கு பார்த்த செங்குத்துக் கல்லுக்கு உச்சிக்குச் சற்று முந்தைய நேரமும், மேற்கு பார்த்ததற்கு உச்சி கடந்த நேரமும் பொருந்தும். வடக்கு பார்த்த கல்லின் நிலை வேறு. இங்கிலாந்தில் அத்தகைய கல்லுக்குக் கோடைக் காலையிலும் மாலையிலும் மட்டுமே சிறிது வெயில் கிட்டும் என்பதால் கண்ணாடி பிடிப்பதே வழி. நம் கரையிலோ சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆனி மாத நண்பகலில் அந்த ஒளி வடக்கு முகத்தின் மேலிருந்து கீழாக வழுக்கி இறங்கும்போது, மற்ற மாதங்களில் இல்லவே இல்லை என்று நினைத்த வரிகள் எழுந்து வரும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் பீரோக் கண்ணாடி அளவுள்ள ஒரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் பாய்ச்சலாம். அல்லது குடையாலும் கறுப்புத் துணியாலும் கல்லை மறைத்து, டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்து, ஒரே கல்லை நான்கு பக்க ஒளியிலும் படமெடுக்கலாம்.

தூய்மை செய்வதில் கை அடக்கம் வேண்டும். மணலையும் சருகையும் புதிய மென்மையான பெயிண்ட் பிரஷால் தள்ளுங்கள். பிடிவாதமான மண்ணுக்கு ஐஸ்கிரீம் குச்சி போதும். தண்ணீர் தெளிக்க நேர்ந்தால் குடிக்கும் நல்ல தண்ணீரையே தெளியுங்கள். பக்கத்துக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால், காற்று பல நாளில் ஏற்றும் உப்பை நீங்கள் ஒரு வாளியில் ஏற்றியவர்கள் ஆவீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். எழுத்துக்குள் மாவும் சாக்பீஸ் பொடியும் பூசுவதும் கூடாது. பாசியும் கற்பாசியும் படிந்திருந்தால் அப்படியே விடுங்கள், பிய்க்கும்போது கல்லின் தோலும் சேர்ந்து வரும். விரிசலில் சிமெண்ட் அடைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய கேடு: சிமெண்ட் இறுகிக்கொண்டு ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைக்க, அதைச் சுற்றியுள்ள மென்கல் பொடிகிறது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம். அன்பினால் செய்யும் அந்த வேலையில் ஆண்டுதோறும் ஒரு பூச்சு ஏறி, பழைய எழுத்துகளின் பள்ளம் நிரம்பிப் போகிறது. அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள். பக்க ஒளியில் எஞ்சிய பள்ளத்தைப் படித்துவிட்டு, இனிமேல் எழுத்துள்ள பலகையை மட்டும் விட்டுவிட்டு வெள்ளையடிக்கும்படி குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படியெடுக்கும்போது கல்லில் உள்ளது உள்ளபடியே, வரிக்கு வரி, பிழையோடு எழுத வேண்டும். ஐயமான எழுத்தைப் பகர அடைப்பிலும், அழிந்த எழுத்தைப் புள்ளியாலும் காட்டுங்கள். உங்கள் ஊகத்தைத் தனிப்பத்தியில் வையுங்கள். தமிழ் எண்களில் தடுமாற்றம் வரும். ௲௮௱௯௰௫ என்பது 1895. இதில் எட்டு அகரம் போலவும் பத்து யகரம் போலவும் தோன்றுவதால், தெரியாதவர்கள் அதை ஏதோ பெயர் என்று எண்ணிவிடக்கூடும். கொம்பு வளைத்த பழைய ணை, லை, னை வடிவங்கள் இருந்தால், எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த 1978ஆம் ஆண்டு தமிழக அரசாணைக்கு முந்தைய கல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் கொத்தர்களின் கைப்பழக்கம் ஆணையோடு மாறிவிடாது என்பதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். ஆங்கிலக் கற்களைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததால் அங்குள்ள பழைய ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு ஓராண்டு குழப்பம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் சேதுபதியிடமிருந்து இராமநாதபுரம் சீமையைக் கைப்பற்றியது 1795 என்பதால், அவர்களின் ஆட்சிக்காலத்துக் கற்களுக்கு அந்தச் சிக்கல் எழாது.

சின்னங்களைக் கண்டவுடன் பொருள் சொல்ல வேண்டாம். நங்கூரம் பொறித்த கல்லைப் பார்த்ததும் கடல் தொழில் செய்தவர் என்று எழுதத் தோன்றும். கிறிஸ்தவ மரபில் அது நம்பிக்கையின் அடையாளம், கடலையே காணாத ஆங்கிலக் கிராமங்களிலும் உண்டு. நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

பிறகு, படித்ததைப் பங்கின் அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இங்கிலாந்தில் 1538இலேயே இத்தகைய பதிவேடுகள் தொடங்கின. சென்னை மாகாணத்து ஆங்கிலத் திருச்சபை அடக்கக் குறிப்புகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மாகாணத்தின் கல்லறை எழுத்துகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905இல் வெளியிட்ட பட்டியலில், இன்று அழிந்துவிட்ட வரிகள் முழுமையாகக் கிடைக்கக்கூடும்.

முடித்த தாள்களில் ஒரு படியைப் பங்கு அலுவலகத்திலும் ஒன்றை ஊரைவிட்டுத் தள்ளியுள்ள நூலகத்திலும் வையுங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தது. அங்கே தேவாலயத்தின் பவளப்பாறைச் சுவர்கள் இடிபாடாக நிற்கின்றன. கடலோர ஊரின் ஒரே படி அந்த ஊரிலேயே இருக்கக் கூடாது. அண்மைக் காலக் கல்லறைகளின் படங்களை இணையத்தில் இடுவதானால், அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெற்ற பிறகே இடுங்கள்.